டொராண்டோவில் முதல் மோட்டார் சைக்கிள்: உரிமம், பயிற்சி, பாதுகாப்பு

கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதற்கான உரிமம் 'எம்' வகையைச் சேர்ந்தது. இதை ஒரே நாளில் வாங்கிவிட முடியாது. 1994 ஏப்ரலில் மாகாண அரசு கொண்டுவந்த படிநிலை உரிமத் திட்டத்தின்படி எம்1, எம்2, எம் என்று மூன்று படிகள் ஏற வேண்டும். கார் ஓட்டுகிறவர்கள் அறிந்த ஜி1, ஜி2, ஜி என்பதன் இரு சக்கர வடிவம் இது எனலாம். சென்னையிலோ மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ வண்டி ஓட்டிப் பழகியவர்கள், ஐம்பது சிசி மொபெட்டைக்கூடத் தொட்டறியாதவர்கள் என்ற இரு சாராரையும் மனதில் வைத்து இக்கட்டுரை எழுதப்படுகிறது. இவர்களில் முதல் சாராருக்குத்தான் இங்கே ஆபத்து அதிகம் என்பது என் கருத்து. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

எம்1 பெறுவதற்குக் குறைந்தபட்ச வயது 16. கண் பரிசோதனையும் எழுத்துத் தேர்வும் உண்டு. தேறினால் கிடைக்கும் எம்1 உரிமம் 90 நாட்களுக்குத்தான் செல்லும். எம்2-க்குப் போவதற்கு முன் குறைந்தது 60 நாட்கள் எம்1-இல் இருந்தாக வேண்டும். 90 நாட்களுக்குள் மேலேறாவிட்டால் மறுபடியும் எழுத்துத் தேர்விலிருந்து தொடங்க வேண்டியதுதான். ஆகவே ஜனவரியில், வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும்போது, சும்மா இருக்கிறோமே என்று எழுத்துத் தேர்வை முடித்துவைப்பதில் பயனில்லை. சாலையில் உப்பும் பனியும் ஒழிவதற்குள் உரிமம் காலாவதியாகிவிடும். ஏப்ரல் வாக்கில் எழுதி, மே அல்லது ஜூனில் பயிற்சி வகுப்பில் சேர்வது புத்திசாலித்தனம்.

எம்1 வைத்திருப்பவர் இரவில் ஓட்டக்கூடாது. சூரிய உதயத்துக்கு அரைமணி முன்பிருந்து அஸ்தமனத்துக்கு அரைமணி பின்புவரை மட்டுமே அனுமதி. பின்னால் யாரையும் ஏற்றக்கூடாது. இரத்தத்தில் ஒரு துளி மதுவும் இருக்கக்கூடாது; இந்த நிபந்தனை எம்2-விலும் தொடர்கிறது. மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் வேக எல்லை உள்ள நெடுஞ்சாலைகளில் ஏறக்கூடாது. 11, 17, 69 போன்ற சில வடபகுதி நெடுஞ்சாலைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. அங்கெல்லாம் அந்தச் சாலையை விட்டால் அடுத்த ஊருக்குப் போக வேறு வழியில்லை.

டொராண்டோக்காரருக்கு இதன் பொருள் என்னவென்றால், 401-உம் 404-உம் டான் பள்ளத்தாக்குப் பார்க்வேயும் அவருக்கு மூடப்பட்டவை. ஸ்கார்பரோவிலிருந்து நகர மையத்துக்குப் போக வேண்டுமானால் கிங்ஸ்டன் சாலையிலோ எக்ளிண்டனிலோ ஒவ்வொரு சிக்னலாக நின்று நின்றுதான் போக வேண்டும். புதியவரை வேகத்திலிருந்து காப்பாற்றும் விதி, அவரை நாற்சந்திகளிடம் ஒப்படைத்துவிடுகிறது. மோட்டார் சைக்கிளைப் பொறுத்தவரை நெடுஞ்சாலையைவிட நாற்சந்தியே பொல்லாத இடம். விதியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. எங்கே விழிப்பாக இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

பயிற்சி வகுப்பு

எம்1 பெற்றவர் நேராகத் தேர்வு மையத்துக்குப் போய்ச் சாலைத் தேர்வு கொடுக்கலாம். ஆனால் பெரும்பாலோர் தேர்ந்தெடுப்பது மாகாண அரசு அங்கீகரித்த வார இறுதிப் பயிற்சியைத்தான். ஹம்பர் கல்லூரி (2024 முதல் ஹம்பர் பாலிடெக்னிக்) உள்ளிட்ட கல்லூரிகளும் சில தனியார் பள்ளிகளும் இதை நடத்துகின்றன. வழக்கமாக வெள்ளி மாலை வகுப்பறை. சனி, ஞாயிறு முழுவதும் வெறுமையான ஒரு வாகன நிறுத்துமிடம். வண்டி அவர்களுடையது, பெரும்பாலும் 125 முதல் 250 சிசி வரை. கணுக்காலுக்கு மேல் ஏறும் காலணி, கையுறை, தடித்த ஜீன்ஸ், மேற்சட்டை ஆகியவை நம்முடையவை. இறுதியில் அங்கேயே தேர்வு நடத்துகிறார்கள். அதில் தேறினால் எம்1-லிருந்து வெளியேறத் தனியாக ஒரு தேர்வு தேவையில்லை. 60 நாள் கணக்கு மட்டும் நிறைவேற வேண்டும். இன்னொரு சலுகையும் உண்டு. எம்2-வில் குறைந்தபட்சம் 22 மாதங்கள் இருக்க வேண்டும் என்பது, பயிற்சி முடித்தவர்களுக்கு 18 மாதங்களாகக் குறைகிறது. காப்பீட்டு நிறுவனங்கள் சிலவும் கட்டணத்தைக் குறைக்கின்றன. நானூறு ஐந்நூறு டாலர் போகிறதே என்று பார்ப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

முதல் மணிநேரத்தில் வண்டியை யாரும் கிளப்புவதில்லை. ஒருவர் ஏறி உட்கார, இன்னொருவர் பின்னாலிருந்து தள்ளுகிறார். எடை எப்படியிருக்கிறது, பிரேக் எங்கே பிடிக்கிறது என்பதெல்லாம் இயந்திரத்தின் சத்தமில்லாமலே புரியவேண்டும் என்பதற்காக. பிறகு கிளட்ச் 'பிடிக்கும் இடம்' பழக்கப்படுத்தப்படுகிறது. மெதுவாக விட்டுக்கொண்டே வரும்போது வண்டி லேசாக முன்னே இழுக்கும் அந்த ஓர் அங்குலம்தான் குறைந்த வேகத்தில் நம்முடைய முழுக் கட்டுப்பாடு. மணிக்கு நூறு கிலோமீட்டரில் போவது யாருக்கும் கடினமில்லை. மணிக்கு எட்டு கிலோமீட்டரில், கூம்புகளுக்கு இடையே வளைந்து, கால் ஊன்றாமல் போவதுதான் கடினம்.

என்னோடு பயின்றவர்களில் ஐம்பது வயதைக் கடந்த யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவர் இருந்தார். ஹோண்டா சிடி 90-இல் வளர்ந்தவர். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது நாலு துளி பெட்ரோல் விட்டுக் கிளப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டிய கதைகளை இடைவேளையில் சொல்லுவார். கூம்புகளுக்கு இடையே எங்களில் எவரையும்விட அழகாக வளைந்து வந்தவரும் அவரே. ஆனால் அவசர பிரேக் பயிற்சியில் ஒவ்வொரு முறையும் கோட்டைத் தாண்டியே நின்றார். பின் சக்கரம் கிறீச்சிட்டுப் பூட்டிக்கொள்ளும். வண்டி வாலை ஆட்டும். "தம்பி, பதினைஞ்சு வருசம் ஓடினனான். முன் பிரேக்கைத் தொடாதேயெண்டுதான் எங்கட அப்பா சொல்லித் தந்தவர்" என்றார். "எங்கப்பாவும் அதையேதான் சொன்னார், அண்ணே" என்றேன்.

இது இரண்டு அப்பாக்களின் கதை மட்டுமல்ல. தமிழ்கூறு நல்லுலகம் முழுவதும் இந்த உபதேசம் உண்டு. அதற்கு ஒரு காலத்தில் நியாயமும் இருந்தது. பழைய வண்டிகளின் முன் டிரம் பிரேக் பலவீனமானது. சாலையில் மணல் படிந்திருக்கும். திருப்பத்தில் முன் சக்கரம் பூட்டிக்கொண்டால் அடுத்த கணம் தரையில்தான். எனவே 'தொடாதே' என்பது எளிய பாதுகாப்பு. ஆனால் இன்றைய டிஸ்க் பிரேக் வண்டியில், காய்ந்த தார்ச்சாலையில் இதே பழக்கம் உயிரைக் கேட்கும். எவ்வளவு கேட்கும் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

ஒரு கணக்கு

அதற்கு முன் 'ஹர்ட் அறிக்கை' பற்றிச் சொல்ல வேண்டும். தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹர்ட்டும் அவர் குழுவினரும் லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் ஏறத்தாழ 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரடியாகவும், 3600 விபத்துகளைக் காவல்துறை அறிக்கைகள் வழியாகவும் ஆராய்ந்து 1981-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இத்தனை ஆண்டுகள் கழித்தும் பயிற்சி வகுப்புகளின் அடிப்படை அதுதான்.

அதன் முடிவுகளில் சில: விபத்துகளில் ஏறத்தாழ முக்கால் பங்கு இன்னொரு வாகனத்தோடு மோதியவை. அப்படிப்பட்ட மோதல்களில் மூன்றில் இரண்டில், மற்ற வாகன ஓட்டுநர்தான் மோட்டார் சைக்கிளின் வழியுரிமையை மீறியவர். மிகச் சாதாரணமாக நடந்தது, எதிரே வந்த கார் நமக்கு முன்னால் இடப்பக்கம் திரும்பியது. விபத்தில் சிக்கியவர்களில் 92 சதவீதம் பேர் முறையான பயிற்சி பெறாதவர்கள். தாமே கற்றவர்கள் அல்லது உறவினரிடமும் நண்பரிடமும் கற்றவர்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் அந்தக் குறிப்பிட்ட வண்டியை ஐந்து மாதத்துக்கும் குறைவாகவே ஓட்டியிருந்தார்கள். ஆபத்து தென்பட்ட கணத்திலிருந்து மோதும்வரை ஓட்டுநருக்குக் கிடைத்தது இரண்டு வினாடிக்கும் குறைவு.

அந்த இரண்டு வினாடியை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 50 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 13.9 மீட்டர். மூளை புரிந்துகொண்டு கை அசைய ஒரு வினாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால் பாக்கி ஒரு வினாடி. முன், பின் இரண்டு பிரேக்கையும் முறையாகப் பயன்படுத்துகிறவர் புவியீர்ப்பு முடுக்கத்தில் சுமார் 0.7 பங்கு வேகத்தடுப்பைப் பெறலாம். ஒரு வினாடி முடிவில் அவர் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு இறங்கியிருக்கும். பின் பிரேக்கை மட்டும் மிதிக்கிறவருக்கு 0.3 பங்குக்கு மேல் கிடைப்பது அரிது. அவர் மணிக்கு 39 கிலோமீட்டரில் மோதுவார். வேகத்தின் இருமடியைப் பொறுத்தது ஆற்றல் என்பதால், அவர் உடல் தாங்க வேண்டியது முதலாமவரைப்போல் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? பிரேக் பிடிக்கும்போது எடை முன்னே சாய்கிறது. பேருந்தில் நிற்பவர்கள் முன்னால் சரிவதுபோலத்தான். சாதாரணமாக இரு சக்கரங்களும் பாதிப் பாதி சுமக்கும் வண்டியில், கடுமையாக பிரேக் பிடிக்கையில் 80 சதவீதச் சுமை முன் சக்கரத்துக்குப் போய்விடும். சுமை இருக்கும் இடத்தில்தான் பிடிமானம் இருக்கும். பின் சக்கரம் அந்த நேரத்தில் ஏறக்குறைய விருந்தாளி. அதை மட்டும் மிதித்தால் பூட்டிக்கொண்டு வழுக்குவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. ஆனால் முன் பிரேக்கைச் சட்டென்று பறிப்பதும் தவறு. எடை முன்னே போக ஒரு கணம் தர வேண்டும். எலுமிச்சம்பழத்தைப் பிழிவதுபோல், முதலில் மெல்ல, பிறகு இறுக்கி. ஏபிஎஸ் உள்ள வண்டியில் சக்கரம் பூட்டிக்கொள்வதை மின்னணுக் கருவி தடுத்துவிடும். அத்தகைய வண்டிகளில் உயிரிழப்பு விபத்துகள் குறைவு என்று அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் சாலைப் பாதுகாப்பு ஆய்வகம் கண்டிருக்கிறது. முதல் வண்டிக்கு ஏபிஎஸ் இருந்தே ஆகவேண்டும் என்பேன்.

கணக்கில் இன்னொரு செய்தியும் ஒளிந்திருக்கிறது. நாற்சந்தியை நெருங்கும்போதே இரு விரல்கள் முன் பிரேக்கின்மேல் இருந்து, மறுவினை நேரம் ஒரு வினாடியிலிருந்து அரை வினாடியானால், மோதும் வேகம் 25-லிருந்து மணிக்கு 13 கிலோமீட்டராகக் குறைகிறது. எத்தனை ஆயிரம் டாலர் கொடுத்து வாங்கும் கவச உடையாலும் இந்த அளவு இலாபம் கிடைக்காது.

நம் யாழ்ப்பாணத்து அண்ணர் ஞாயிறு மதியத்துக்குள் கோட்டுக்கு முன்னால் நிற்கப் பழகிவிட்டார். பயிற்சியாளர் செய்த வைத்தியம் எளிது. வலது காலைச் சற்றுப் பின்னே வைக்கச் சொல்லி, பெடல் எட்டாதபடி செய்து, கையால் மட்டும் பத்து முறை நிறுத்தச் சொன்னார். பிறகுதான் காலைச் சேர்த்துக்கொள்ள அனுமதித்தார். ஒன்றும் தெரியாமல் வந்த இருபது வயதுப் பெண்ணுக்கு இரண்டே முறையில் வந்த வித்தை இது. அவளுக்கு மறக்க வேண்டியது எதுவும் இல்லை.

மறக்க வேண்டியவற்றின் பட்டியலில் அடுத்தது திசை. இந்தியாவிலும் இலங்கையிலும் நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம். நம் பாதையை வெட்டி வருவது எதிரே வலப்பக்கம் திரும்பும் வண்டி. அது நமக்கு வலப்புறத்திலிருந்து வரும். இங்கே எல்லாம் கண்ணாடியில் பார்த்ததுபோல் தலைகீழ். வெட்டுகிற கார் நம் இடப்புறத்திலிருந்து வருகிறது. காரில் பத்தாண்டு ஓட்டியவருக்குக்கூட, மோட்டார் சைக்கிளில் ஏறியதும் கண்கள் பழைய இடத்தைத் தேடும் என்பதை இரண்டு மூன்று நண்பர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். உடலின் ஞாபகம் வாகனத்தோடு ஒட்டியிருக்கிறது போலும்.

அந்தக் காரோட்டி ஏன் நம்மைப் பார்ப்பதில்லை? 'பார்க்கவில்லை' என்று அவர் சொல்வது பெரும்பாலும் பொய்யல்ல. எதிரே வரும் பொருளின் வேகத்தை, அது கண்ணில் பெரிதாகிக்கொண்டே வரும் விதத்தை வைத்துத்தான் நாம் மதிப்பிடுகிறோம். குறுகலான மோட்டார் சைக்கிள் கடைசி நேரம்வரை பெரிதாவதாகத் தெரியாது. லாரியைவிடத் தொலைவில், மெதுவாக வருவதாகவே தோன்றும். போதாததற்கு காரின் முகப்புத் தூணே ஒரு மோட்டார் சைக்கிளை முழுதாக மறைக்கப் போதுமானது. பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும் என்று ஒண்டாரியோவில் சட்டம் இருப்பது இதனால்தான். (இந்தியாவில் 2017 ஏப்ரல் முதல் புதிய இரு சக்கர வண்டிகளில் விளக்கு தானாகவே எரிகிறது. வழியில் எல்லோரும் கை காட்டி 'லைட்டு, லைட்டு' என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு.) காரோட்டியின் முகத்தைப் பார்ப்பதைவிடக் காரின் முன்சக்கரத்தைப் பார்ப்பது நல்லது. முகம் ஏமாற்றும். சக்கரம் சுழலத் தொடங்கினால் கார் வருகிறது.

மூன்றாவதாக, சந்து பொந்துகளில் நுழைவது. சிக்னலில் நிற்கும் கார்களுக்கு நடுவே புகுந்து முன்னால் போய் நிற்பது அண்ணாசாலையில் இயல்பு. கலிபோர்னியாவில் 2016-இல் சட்டமே ஏற்றுக்கொண்டது. ஒண்டாரியோவில் அனுமதி இல்லை. இங்கே காரோட்டிகள் அதை எதிர்பார்ப்பதும் இல்லை என்பதுதான் முக்கியமான காரணம்.

திருப்பம்

வலப்பக்கம் திரும்ப வலது கைப்பிடியை முன்னே தள்ள வேண்டும். முதன்முறை கேட்கும்போது யாரும் நம்புவதில்லை. சைக்கிள் ஓட்டத் தெரிந்த ஒவ்வொருவரும் இதை அறியாமலே செய்துகொண்டிருக்கிறோம். விமானம் கண்ட ரைட் சகோதரர்களில் வில்பர், தாமே சைக்கிள் கடைக்காரர் என்பதால், இதைக் கவனித்து விளக்கியிருக்கிறார். வலது கைப்பிடியைத் தள்ளினால் முன் சக்கரம் ஒரு கணம் இடப்பக்கம் திரும்புகிறது. தரையைத் தொடும் இடம் இடப்பக்கம் நகர்கிறது. மேலேயுள்ள எடை வலப்பக்கம் சாய்கிறது. சாய்ந்த வண்டி வலப்பக்கம் திரும்புகிறது. அறியாமல் செய்வதில் என்ன குறை என்றால், திடீரென்று ஒரு கார் குறுக்கே வரும்போது பயந்துபோன கைகள் 'விலக வேண்டிய பக்கம் ஹாண்டிலைத் திருப்பு' என்ற தவறான அறிவுக்குக் கட்டுப்பட்டுவிடும். வண்டி காரை நோக்கியே சாயும். எனவே இதை அறிந்து, உணர்ந்து, வெறுமையான இடத்தில் பலமுறை செய்து பார்க்க வேண்டும்.

எவ்வளவு சாய வேண்டும் என்பதும் கணக்குக்குள் அடங்குகிறது. 20 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 40 கிலோமீட்டரில் போனால் சாய்வு சுமார் 32 பாகை. அதே வளைவில் 50-இல் போனால் 44 பாகைக்கு மேல். பத்து கிலோமீட்டர்தானே என்று தோன்றும். முதல் எண் ஓரளவு பழகியவருக்கு உரியது. இரண்டாவது பந்தயக்காரர்களின் எல்லைக்கு அருகில். கலிடனில் உள்ள 'ஃபோர்க்ஸ் ஆஃப் த கிரெடிட்' சாலையின் கொண்டை ஊசி வளைவு டொராண்டோ வட்டாரத்து ஓட்டுநர்களுக்குப் பிடித்தமானது. அங்கே போகிறவர்கள் இந்தக் கணக்கைத் தலையில் வைத்துக்கொண்டு போவது நல்லது. வேகத்தைக் குறைப்பதெல்லாம் வளைவுக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். உள்ளே நுழைந்தபின் பார்வை வளைவின் முடிவில் இருக்க வேண்டும். பள்ளத்தைப் பார்த்தால் வண்டி பள்ளத்துக்குத்தான் போகும்.

நகரத்துக்கு வருவோம். ஸ்கார்பரோவில் ஓட்டிப் பழகியவர் க்வீன், கிங், டண்டாஸ் தெருக்களுக்கு வந்ததும் சந்திக்கும் புதுச் சங்கதி டிராம் தண்டவாளம். டொராண்டோவின் தண்டவாள அகலம் 1495 மில்லிமீட்டர், உலகத்தில் வேறெங்கும் காண்பது அரிது என்பது ஒரு வேடிக்கைத் தகவல். நமக்கு வேண்டியது, நனைந்த எஃகில் டயருக்குப் பிடிமானமே இல்லை என்பதும், தண்டவாளத்தை ஒட்டிய பள்ளம் குறுகிய டயரைப் பிடித்துக்கொள்ளும் என்பதும். முடிந்தவரை செங்குத்தாக, சாயாமல், பிரேக் பிடிக்காமல், வேகம் கூட்டாமல் கடக்க வேண்டும். கிங் தெருவில் ஒரு தடத்திலிருந்து அடுத்த தடத்துக்கு மழையில் மாறுவதைவிட, அடுத்த சிக்னல்வரை அப்படியே போய்விடுவது மேல். டிராமின் கதவு திறந்து பயணிகள் இறங்கும்போது பின்கதவுக்கு இரண்டு மீட்டர் பின்னால் நிற்க வேண்டும் என்ற விதி நமக்கும் பொருந்தும்.

ஏப்ரலில் சாலையோரமெங்கும் குளிர்காலத்து மணல் எஞ்சியிருக்கும். திருப்பங்களில் அது குண்டுமணிபோல உருளும். கோடையில் விரிசல்களை அடைத்த தார்ப்பட்டைகள் இளகி வழுக்கும். மழை பெய்த முதல் பத்து நிமிடங்கள் எண்ணெய் மிதக்கும். அக்டோபரில் ஈர இலைகள். பத்து பாகை வெப்பத்தில் நெடுஞ்சாலையில் போனால் கால்மணியில் விரல்கள் மரத்துப்போகும். அந்த விரல்கள்தான் பிரேக் பிடிக்க வேண்டியவை என்பதை நினைவில் கொள்க.

தலைக்கவசம்

இலக்கிய வாசகர்களுக்கு டி. ஈ. லாரன்ஸைத் தெரிந்திருக்கும். அரேபியப் பாலைவனப் போரில் தப்பிய அவர், 1935 மே 13 அன்று இங்கிலாந்தின் டோர்செட் பகுதியில் தன் 'பிரஃப் சுப்பீரியர்' மோட்டார் சைக்கிளில் போகையில் சைக்கிளில் வந்த இரு சிறுவர்களைத் தவிர்க்க முயன்று விழுந்து, ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து இறந்தார். தலையில் கவசம் இல்லை. அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர்களில் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற இளம் நரம்பியல் அறுவை நிபுணர். அந்தச் சாவு அவரை விடவில்லை. போர்க்காலத்தில் இராணுவச் செய்தியாளர்களாக மோட்டார் சைக்கிளில் ஓடியவர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941-இல் தலைக்கவசத்தின் பயனை மருத்துவ ஏட்டில் எழுதினார். பிரிட்டிஷ் இராணுவம் அதே ஆண்டு தன் ஓட்டுநர்களுக்குக் கவசத்தைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்குப் பிரிட்டனில் கட்டாயமானது 1973-இல்தான். தமிழ்நாட்டில் இது வந்தும் போயும், 2015 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் மறுபடி இறுகியது. ஒண்டாரியோவில் கட்டாயம். தலைப்பாகை அணியும் சீக்கியர்களுக்கு மட்டும் 2018 அக்டோபரிலிருந்து விலக்கு உண்டு.

கவசத்தின் வேலையைச் செய்வது வெளியோடு அல்ல, உள்ளே இருக்கும் நுரைப்பஞ்சு. மோதும்போது அது நசுங்கி, தலை நிற்பதற்குச் சில மில்லிவினாடிகள் கூடுதலாக வாங்கித் தருகிறது. ஒருமுறை நசுங்கியது மீண்டும் உப்பாது. எனவே ஒரு விபத்தைக் கண்ட கவசத்தை, வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும், தூக்கிப் போட்டுவிட வேண்டும். பழைய கவசத்தை யாரிடமும் மலிவாக வாங்கவும் கூடாது. தாடையையும் மூடும் முழுக்கவசமே சிறந்தது. கன்னத்தை நன்றாக அழுத்த வேண்டும். தலையை அசைத்தால் கவசம் தனியாகச் சுழலக்கூடாது.

எந்த வண்டி

இங்குள்ள கடைகளில் 600 சிசி பந்தய ரக வண்டிகள் கண்ணைப் பறிக்கும். அவற்றின் குதிரைத்திறன் நூறைத் தாண்டும். ஒண்டாரியோவில் எம்1 உரிமக்காரர் அதை வாங்கி ஓட்டுவதைத் தடுக்கும் எஞ்சின் வரம்பு எதுவும் இல்லை. ஐரோப்பாவில் உண்டு. இங்கே அந்த வேலையை ஓரளவு செய்வது காப்பீட்டுக் கட்டணம்தான். புதியவர், பந்தய வண்டி என்று கேட்டதும் சொல்லப்படும் தொகை சில சமயம் வண்டியின் விலையையே நெருங்கும். வண்டியைப் பார்க்குமுன் காப்பீட்டு விலையைக் கேட்டுவிடுங்கள்.

250 முதல் 400 சிசி வரை, இரு பாதங்களும் தரையில் நன்றாக ஊன்றும் உயரம், ஏபிஎஸ் ஆகியவை போதும். சிறிய வண்டியில் என்ன பயணம் போக முடியும் என்று கேட்பவர்களுக்கு: ராபர்ட் பிர்சிக் 1968-இல் மினசோட்டாவிலிருந்து கலிபோர்னியாவுக்கு மகனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போய், பிறகு 'ஜென்னும் மோட்டார் சைக்கிள் பராமரிப்புக் கலையும்' என்று 1974-இல் நூலாக்கிய பயணம் 305 சிசி ஹோண்டாவில் நடந்தது. பெரிய வண்டிக்கும் காலம் வரும். டொராண்டோவில் வாழ்ந்த 'ரஷ்' இசைக்குழுவின் டிரம் கலைஞர் நீல் பியர்ட், ஓராண்டுக்குள் மகளையும் மனைவியையும் இழந்தபின் பிஎம்டபிள்யூ ஒன்றில் கனடா, அமெரிக்கா, மெக்சிகோ என்று அலைந்ததை 'கோஸ்ட் ரைடர்' என்ற நூலில் எழுதியிருக்கிறார், 2002-இல் வந்தது. நூலகங்களில் கிடைக்கும். பயிற்சி நூல் அல்ல என்றாலும், மழையிலும் குளிரிலும் ஓர் அனுபவசாலி எப்படி முடிவெடுக்கிறார் என்பது பக்கம் பக்கமாக இருக்கிறது.

எம்2 வந்ததும் இரவும் நெடுஞ்சாலையும் திறக்கின்றன. பின்னிருக்கையும் திறக்கிறது. நம் வீடுகளில் உடனே எழும் கேள்வி, 'என்னை எப்போது கூட்டிக்கொண்டு போவாய்?' பின்னால் இருப்பவர் கால்கள் இருபக்க மிதிகளையும் எட்ட வேண்டும், கவசம் அணிய வேண்டும். நம்மூர்போல் ஒருபக்கமாக உட்கார்ந்து போக வழியில்லை. இன்னொருவர் எடை ஏறினால் பிரேக்கும் திருப்பமும் வேறு வண்டியாகிவிடும். ஒரு முழுப் பருவமாவது தனியாக ஓட்டிவிட்டு ஏற்றுவது முறை. அதேபோல் கூட்டமாகப் போவதையும் ஒத்திப்போடலாம். 1981 நவம்பர் 13 வெள்ளிக்கிழமையன்று சில நண்பர்கள் கூடியதில் தொடங்கி, இன்று ஒவ்வொரு பதின்மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமையும் ஏரி ஈரிக் கரையிலுள்ள போர்ட் டோவர் ஊருக்கு ஆயிரக்கணக்கான வண்டிகள் திரள்கின்றன. பார்க்க வேண்டிய காட்சிதான். முதலாண்டு காரில் போய்ப் பாருங்கள்.

நவம்பர் வந்தால் வண்டியை மூடிவைக்கும் வேலை. தொட்டியை நிரப்பி, பெட்ரோல் கெடாமலிருக்கும் திரவத்தைக் கலந்து, ஐந்து நிமிடம் ஓடவிட்டு, எண்ணெய் மாற்றி, பாட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட வேண்டும். காப்பீட்டை முழுதாக நிறுத்தாமல் திருட்டுக்கும் தீக்கும் மட்டும் வைத்துக்கொள்வது பலர் வழக்கம். ஏப்ரலில் மீண்டும் எடுக்கும்போது டயர்க் காற்றைப் பார்த்துவிட்டு, அருகிலுள்ள பள்ளி வாகன நிறுத்துமிடத்தில் ஒரு ஞாயிறு காலை, எட்டுப் போட்டுப் பார்த்து, பத்து முறை முன் பிரேக்கில் நிறுத்திப் பார்த்தபின் சாலைக்கு வரலாம். ஐந்து மாதத்தில் கை மறந்திருக்கும். கால்தான் எதையும் மறப்பதில்லை.